த்ரில்லர் படத்தின் தொடக்கத்தை எழுதுவது எப்படி

த்ரில்லர் எழுத அமர்பவர்கள் பலர் தொடக்கத்தை இரண்டு வேலைகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். முதலில் ஒரு கொலையையோ துரத்தலையோ காட்டிப் பார்வையாளரை மிரட்டுவது. பிறகு முதன்மைப் பாத்திரத்தின் வீடு, வேலை, குடும்பம் ஆகியவற்றை நிதானமாக அறிமுகப்படுத்துவது. இப்படிப் பிரித்தவுடனேயே தொடக்கம் வலுவிழந்துவிடுகிறது. முதல் பகுதியில் யாருக்கு என்ன நேர்ந்தாலும் பார்வையாளருக்குக் கவலை எழுவதில்லை. இரண்டாம் பகுதியில் கவலைப்படுவதற்கு எதுவும் நடப்பதில்லை. பாத்திரத்தை அறியச் செய்வதும் மனத்தில் நெருடலை உண்டாக்குவதும் ஒரே செயலின் வழியாக நடக்கும்படி எழுத வேண்டும்.

அதற்காகப் பாத்திரத்தின் வாழ்க்கை வரலாற்றைப் பக்கம் பக்கமாக எழுதிச் சேர்க்க வேண்டியதில்லை. அவர் நாள்தோறும் செய்யும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். அதே வேலையைச் செய்யும் பிறரிடமிருந்து அவர் எந்த இடத்தில் மாறுபடுகிறார் என்று முடிவு செய்யுங்கள். பிறகு அந்த வேலைக்குள் ஒரே ஒரு பிசகை நுழைத்து, அவர் அதற்கு எப்படி எதிர்வினை ஆற்றுகிறார் என்பதை மட்டும் காட்டுங்கள்.

ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் இரவுப் பணி பார்க்கும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். பணி தொடங்கியதும் சாவிப் பலகையில் தொங்கும் சாவிகளைப் பதிவேட்டோடு ஒப்பிடுவது அவளுடைய வழக்கம். மற்ற ஊழியர்கள் கண்ணால் மேய்ந்துவிட்டுப் போகும் இதை அவள் விரலால் ஒவ்வொரு சாவியையும் தொட்டுச் செய்கிறாள். இன்று 14ஆம் எண் அறையில் ஒருவர் தங்கியிருப்பதாக அவளுடைய கையெழுத்திலேயே பதிவு இருக்கிறது; ஆனால் அந்த அறையின் சாவி பலகையில் தொங்குகிறது. மாற்றுச் சாவியும் இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. இதுவரை நிகழ்ந்தது வெறும் புதிர்தான். அவள் அடுத்துச் செய்வதுதான் தொடக்கத்தைத் தீர்மானிக்கிறது. அறைக்குத் தொலைபேசியில் அழைத்தால் அவள் பொறுப்பானவள்; தனியாக மாடியேறிச் சென்றால் துணிச்சல்காரி; இரண்டும் நாம் பலமுறை பார்த்தவை. அவள் பேனாவை எடுத்து, விருந்தினர் மாலையே அறையைக் காலி செய்துவிட்டதாகப் பதிவேட்டைத் திருத்திவிட்டு நிம்மதியாக அமர்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவறு தன்மீது விழுந்துவிடக் கூடாது என்பதற்காக எதையும் மறைக்கக்கூடியவள் என்பதை ஒரு சொல்லும் பேசாமல் தெரிந்துகொள்கிறோம். சில நிமிடங்கள் கழித்து 14ஆம் எண் அறையிலிருந்து தொலைபேசி ஒலிக்கும்போது, அந்த மணியோசை நம்மை உலுக்குவதற்கு அவளுடைய பொய்யே காரணமாகிறது. வேறொருத்தி அந்த மேசையில் இருந்திருந்தால் அது சாதாரண அழைப்பாகவே இருந்திருக்கும்.

பொருள்களைக் கொண்டும் இதைச் செய்யலாம். 1954இல் வெளிவந்த ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' படத்தின் தொடக்கத்தில், வியர்த்து உறங்கும் மனிதரின் கட்டுப்போட்ட காலிலிருந்து கேமரா நகர்ந்து, நொறுங்கிக் கிடக்கும் ஒரு புகைப்படக் கருவியையும், பந்தயக் கார் ஒன்றின் சக்கரம் கழன்று நம்மை நோக்கிப் பறந்துவரும் புகைப்படத்தையும் அடுத்தடுத்துக் காட்டுகிறது. அவர் யார், கால் எப்படி முறிந்தது என்பவற்றை அந்த ஓட்டமே சொல்லிவிடுகிறது. அதைவிட முக்கியமாக, ஆபத்து நெருங்கும்போதும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர் என்பதும், இப்போது ஜன்னல் வழியே பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை என்பதும் நமக்குப் பதிந்துவிடுகின்றன. உங்கள் காட்சியில் வைக்கும் பொருள்களையும் இவ்வாறே சோதியுங்கள். ஒரு பொருள் கடந்த காலத்தை மட்டும் சொன்னால் அது அலங்காரம். இனி நேரவிருக்கும் சிக்கலுக்கும் அதுவே வழிவிட்டால் அதை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, பார்வையாளருக்கு என்ன தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானியுங்கள். ஆர்சன் வெல்ஸ் இயக்கிய 'டச் ஆஃப் ஈவில்' (1958) ஒருவன் வெடிகுண்டில் நேரம் குறித்து ஒரு காரின் பின்பெட்டியில் வைப்பதில் தொடங்குகிறது. மூன்று நிமிடங்களுக்கு மேல் வெட்டாமல் நீளும் அந்த ஒரே ஷாட்டில், கார் எல்லைச் சாவடியை நோக்கி ஊர்கிறது. அதன் அருகிலேயே புதிதாக மணமான இணை நடந்து வருகிறது. அவர்கள் யார் என்பது சாவடியில் நடக்கும் சாதாரணப் பேச்சிலிருந்து தெரியவருகிறது. குண்டு இல்லாமல் அந்தப் பேச்சை எழுதியிருந்தால் எவரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். இங்கோ ஒவ்வொரு சொல்லையும் அது முடியும்வரை பொறுக்க முடியாமல் கேட்கிறோம். அறிமுக வசனங்களை எங்கே வைப்பது என்று திணறுபவர்களுக்கு இந்த ஒரு காட்சியே போதிய பாடம். பாத்திரத்தைவிடப் பார்வையாளருக்குச் சற்று அதிகமாகத் தெரிந்திருக்கும்போதுதான் அறிமுகத் தகவல்கள் சுமையாகத் தோன்றுவதில்லை. எல்லாத் த்ரில்லர்களுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். விடுதிப் பெண்ணின் காட்சியில் நமக்கும் அவளுக்கும் தெரிந்தது ஒரே அளவுதான். ஆனால் எந்த நிலையைத் தேர்ந்தாலும் முதல் காட்சி முடியும்வரை அதை மாற்றாதீர்கள்.

அதே படம் ஒலியைப் பற்றியும் ஒன்றைக் கற்பிக்கிறது. முதலில் வெளியானபோது அந்த ஷாட்டின் மீது பெயர்ப் பட்டியலும் ஹென்றி மான்சினியின் இசையும் ஓடின. வெல்ஸ் எழுதிவைத்த குறிப்புகளைப் பின்பற்றி 1998இல் மறுபடியும் தொகுக்கப்பட்ட வடிவத்தில் பெயர்கள் அகற்றப்பட்டு, தெருவின் மதுக்கூடங்களிலிருந்தும் கார் வானொலியிலிருந்தும் வரும் இசையே ஒலிக்கிறது. காரின் இசை நெருங்குவதும் விலகுவதும் குண்டு எங்கே இருக்கிறது என்பதைக் காதுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே, பதற்றத்தைப் பின்னணி இசையமைப்பாளர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல், காட்சிக்குள் இயல்பாக எழும் ஓர் ஒலியைத் திரைக்கதையிலேயே எழுதிவிடுங்கள்.

ஆபத்தை முழுதாகக் காட்டும் ஆசையையும் அடக்க வேண்டும். ஃபிரிட்ஸ் லாங்கின் 'எம்' (1931) படத்தில் குழந்தைகளைக் கொல்லும் ஒருவனின் நிழல் சுவரொட்டி ஒன்றின்மீது விழுவதைத்தான் முதலில் பார்க்கிறோம். அவனிடம் சிக்கிய குழந்தைக்கு நேர்ந்ததை ஒரு காலித் தட்டும், உருண்டு வரும் பந்தும், உயரே செல்லும் கம்பிகளில் சிக்கிய பலூனுமே உணர்த்துகின்றன. அந்தத் தட்டு நம்மைத் தாக்குவதற்கு, அதற்கு முன் குழந்தையின் தாய் உணவு சமைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்ததை நாம் பார்த்திருப்பதே காரணம்.

வசனத்தைப் பொறுத்தவரை, முதல் காட்சியில் எவரும் தம் அச்சத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்பதே போதும். உச்சக்கட்டத்தின் ஒரு துண்டை முன்னால் ஒட்டிவிட்டு 'மூன்று நாட்களுக்கு முன்பு' என்று எழுத்துப் போடும் உத்தியை நான் பெரும்பாலும் சந்தேகிக்கிறேன். அந்தப் படங்களின் உண்மையான தொடக்கம் எழுத்துக்குப் பின்னால் சலிப்பூட்டிக்கொண்டு கிடப்பதை மறைக்கவே அது பல நேரங்களில் பயன்படுகிறது.

திரைக்கதையின் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது வழக்கமான கணக்கு. ஐந்தாம் பக்கத்துக்குள் பிசகு நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். எழுதி முடித்தபின், முதன்மைப் பாத்திரத்துக்குப் பதிலாக முற்றிலும் வேறு இயல்புடைய ஒருவரை அதே இடத்தில் வைத்துப் படியுங்கள். காட்சியின் பதற்றம் சற்றும் குறையாமல் அப்படியே நின்றால், ஆபத்து பாத்திரத்தோடு பொருந்தவில்லை. பிசகை மாற்றாமல், அதற்கு அவர் ஆற்றும் எதிர்வினையிலிருந்து காட்சியைத் திருத்தத் தொடங்குங்கள்.