வார்சாவில் வீடு பார்க்கும்போதே கேட்க வேண்டியது: இது எந்த ஜெல்னிட்சா?

வார்சாவுக்குப் புதிதாக வருகிறவர்கள் வாடகையையும் அலுவலகத் தூரத்தையும் மட்டும் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்த வீடு எந்த ஜெல்னிட்சாவில், அதாவது நகரின் எந்த நிர்வாகப் பகுதியில் வருகிறது என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், குழந்தை இருந்தால் கட்டாயம்.

2002-ல் வந்த சட்டப்படி நகரம் முழுவதும் ஒரே க்மினா, அதாவது ஒரே உள்ளாட்சி. அதற்குள் 18 ஜெல்னிட்சாக்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மன்றம், தனி மேயர், தனி அலுவலகம் உண்டு. விஸ்துலா ஆற்றின் இடது கரையில் 11, வலது கரையில் 7. ஐடி அலுவலகங்கள் நிறைய இருக்கும் சுவுஜெவியெட்ஸ் பகுதி மொகொதுஃப் ஜெல்னிட்சாவில் வருகிறது, அதனால் நம்மவர்கள் அங்கேயும் எம்1 மெட்ரோ ஓடும் உர்சினுஃபிலும்தான் முதலில் தேடுவார்கள். வலது கரையில் உள்ள பியாவொவென்காவில் புதுக் குடியிருப்புகள் ஏராளம், ஆனால் மெட்ரோ கிடையாது, காலையில் பாலத்தைத் தாண்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பிராகா என்று இரண்டு இருக்கின்றன, வடக்கு ஒன்று, தெற்கு ஒன்று; விளம்பரத்தில் வெறுமனே பிராகா என்று போட்டிருந்தால் எது என்று கேளுங்கள். முகவரியில் ஜெல்னிட்சா பெயர் பெரும்பாலும் இருக்காது. அஞ்சல் குறியீடு 02 என்று தொடங்கினால் மொகொதுஃப், ஒஹோதா, உர்சினுஃப் பக்கம், 03 என்றால் ஆற்றின் வலது கரை என்று ஓரளவு ஊகிக்கலாம்.

சரி, ஜெல்னிட்சா அலுவலகத்தில் நமக்கு என்ன வேலை? முதல் வேலை முகவரிப் பதிவு, மெல்துனெக். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிற நமக்கு வீட்டுக்கு வந்த நாளோடு சேர்த்து நான்காம் நாளுக்குள் செய்ய வேண்டும் என்பது விதி. பாஸ்போர்ட், விசா, வாடகை ஒப்பந்தம் மூன்றையும் எடுத்துப் போங்கள். முழு நகரமும் ஒரே க்மினா என்பதால் எந்த ஜெல்னிட்சா அலுவலகத்திலும் இதை முடிக்கலாம், கூட்டம் குறைவான இடமாகப் பார்த்துப் போகலாம். பதிவு செய்யும்போதே பெசெல் எனும் அரசு அடையாள எண்ணும் கிடைத்துவிடும். "பதிவெல்லாம் வேண்டாம்" என்று சொல்லும் வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் அந்த வீட்டை விட்டுவிடுங்கள், பின்னால் ஒவ்வொரு காகிதத்துக்கும் அல்லாட வேண்டியிருக்கும்.

பள்ளிக்கூடத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் இன்னின்ன தெருக்கள் என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். அந்த எல்லைக்குள் குடியிருக்கும் குழந்தையைப் பள்ளி சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும், வெளியே இருந்தால் இடம் இருந்தால்தான். தெருவின் இந்தப் பக்கம் ஒரு பள்ளி, எதிர்ப்பக்கம் வேறு பள்ளி என்றுகூட வரும். அதனால் வீட்டு எண் வரைக்கும் சரிபாருங்கள். போலிஷ் தெரியாத பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே கூடுதல் போலிஷ் வகுப்பு இலவசம், சேர்க்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் ஒன்று, கார்த்தா பொபிது எனும் வசிப்பிட அட்டை ஜெல்னிட்சா கையில் இல்லை, அது மசோவிய வோய்வோதா, அதாவது மாகாண ஆளுநர், அலுவலகத்தின் பொறுப்பு. வரி அலுவலகங்களுக்கும் தனி எல்லை, சில ஜெல்னிட்சாக்களுக்குச் சேர்த்து ஒரே அலுவலகம்தான். மன்றத் தேர்தலில் நமக்கு ஓட்டு இல்லை. ஆனால் நகரப் பணத்தில் ஒரு பகுதியை எதற்குச் செலவிடலாம் என்று குடியிருப்பவர்களே முடிவு செய்யும் குடிமக்கள் பட்ஜெட் வாக்கெடுப்பில் குடியுரிமை கேட்பதில்லை, வார்சாவில் வசித்தால் போதும். உங்கள் தெருவுக்கு மரமோ விளையாட்டுத் திடலோ வேண்டுமென்றால் நீங்களே திட்டம் எழுதிக் கொடுக்கலாம்.