எப்போது பில்ட் செய்தாலும் அதே பைனரி வர

கஸ்டமரிடம் ஓடும் 2.3.1 வெர்ஷனில் ஒரு பிழை. அதே சோர்ஸை எடுத்து பில்ட் செய்தால் வேறு பைனரி வருகிறது, பிழை வரமாட்டேன் என்கிறது. சி, சி++ புராஜெக்ட்டுகளில் இந்தத் தொல்லையைத் தவிர்க்க, கிட் (கோடின் வரலாற்றைக் காப்பது), மேக் (பில்டை நடத்துவது), ஜிசிசி (கம்பைலர்) மூன்றையும் இப்படிப் பழக்குங்கள்.

ரிலீஸுக்கு, கமிட்டுக்கு வெறும் பெயர் மட்டும் சூட்டும் லைட்வெயிட் டேக் போதாது. அன்னோட்டேட்டட் டேக் போடுங்கள். யார், எப்போது, எதற்காக என்பது அதில் பதிவாகும். டேக்கை வைத்து கமிட்டுக்குப் பெயர் சொல்லும் கிட் டிஸ்க்ரைப் கட்டளை வழக்கமாகத் தேடுவதும் அதைத்தான். டிஸ்க்ரைப்பை 'டர்ட்டி' ஆப்ஷனோடு ஓட்டி, வரும் சரத்தைப் பைனரிக்குள் வெர்ஷனாகப் பதியுங்கள். கமிட் ஆகாத மாற்றம் இருந்தால் சரத்தின் கடைசியில் 'டர்ட்டி' ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்ததும் ரிலீஸ் ஸ்கிரிப்ட் நின்றுவிட வேண்டும். ஆனால் கிட்டில் சேர்க்கவே சேர்க்காத ஃபைலை இது கண்டுகொள்ளாது. மேக்கின் விதிகள் இருக்கும் மேக்ஃபைலில் வைல்ட்கார்டு வைத்து சோர்ஸைத் திரட்டினால், யாரோ சோதனைக்குப் போட்டுவைத்த ஃபைலும் சத்தமில்லாமல் பைனரிக்குள் போய்விடும். எனவே ரிலீஸை எப்போதும் புதிதாக குளோன் செய்த ஃபோல்டரில்தான் பில்ட் செய்ய வேண்டும். தானாக பில்ட் செய்யும் சிஐ சர்வரில் டிஸ்க்ரைப்புக்குப் பெயரே கிடைக்கவில்லை என்று பிழை வந்தால், அது பெரும்பாலும் கடைசி கமிட்டை மட்டும் இழுத்த ஷாலோ குளோன். முழு வரலாற்றையும் டேக்குகளோடு இழுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது மேக். எதை மறுபடி கம்பைல் செய்வது என்பதை அது ஃபைலின் நேரத்தை வைத்தே முடிவு செய்கிறது. எந்த ஹெடரை யார் பயன்படுத்துகிறார்கள் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். போர்ட், டைம்அவுட் என இரண்டு 4 பைட் ஃபீல்டுகள் கொண்ட ஸ்ட்ரக்ட் ஒரு ஹெடரில் இருக்கிறது. அதன் தலையில் இன்னொரு ஃபீல்டு சேர்க்கிறீர்கள். 8 பைட் 12 ஆகிறது. கூடவே மெயின் ஃபைலையும் திருத்தியதால் அது கம்பைல் ஆகிறது, நெட்வொர்க் ஃபைல் ஆகவில்லை. அதன் பழைய ஆப்ஜெக்ட் (கம்பைல் ஆகி வந்த கோப்பு) இன்னமும் போர்ட்டை 0-வது பைட்டில் தேடுகிறது. அங்கே இருப்பது புது ஃபீல்டு. ஆப்ஜெக்ட்டுகளை இணைக்கும் லிங்கர் வாயே திறக்காது. கிளீன் செய்து பில்ட் செய்தால் கோளாறு மாயமாகிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தீர்வு எளிது. ஜிசிசிக்கு எம்எம்டி, எம்பி என்ற இரு ஃபிளாக்குகளைக் கொடுங்கள். ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் பக்கத்தில் டி என முடியும் ஒரு சார்புக் கோப்பு உருவாகும். அவற்றை மேக்ஃபைலின் கடைசியில் இன்க்ளூட் செய்யுங்கள். எம்பி இல்லாவிட்டால், ஒரு ஹெடரை அழித்த மறுநாளே 'அந்த டார்கெட்டுக்கு ரூல் இல்லை' என்று பில்ட் நின்றுவிடும். ஃபிளாக்கை மாற்றினாலும் மேக்குக்குத் தெரியாது. ஆப்ஜெக்ட்டுகளை மேக்ஃபைலையே சார்ந்திருக்கச் செய்தால் அதில் எழுதிய ஃபிளாக் மாறும்போதெல்லாம் எல்லாம் புதிதாகும். கொஞ்சம் நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

கம்பைலரையும் பூட்ட வேண்டும். கம்பைலரை அடக்கிய டாக்கர் இமேஜை டேக் பெயரால் அழைத்தால், அந்தப் பெயர் நாளை வேறு இமேஜைக் காட்டலாம். இமேஜை ஒருமுறை உருவாக்கி உங்கள் ரெஜிஸ்ட்ரியில் வைத்து, அதன் ஷா-256 டைஜஸ்ட்டை (உள்ளடக்கத்தின் கைரேகையை) ரெப்போவில் எழுதிவைத்து அதனால் அழையுங்கள். பில்ட் நடுவே பாக்கேஜ்களை இறக்கும் ஏபிடி இன்ஸ்டால் ஓடினால் இத்தனையும் வீண்.

இனி பைட் அளவிலான பொருத்தம். கம்பைல் ஆன தேதியையும் நேரத்தையும் பதியும் டேட், டைம் மேக்ரோக்கள் இருந்தால் ஒவ்வொரு பில்ட்டும் வேறாகும். நீக்க முடியாவிட்டால் சோர்ஸ் டேட் எபாக் என்ற சூழல் மாறியில் கமிட் நேரத்தை வையுங்கள். ஜிசிசி 7 முதல் மதிக்கிறது. ஃபோல்டர் பாதை டீபக் தகவலில் நுழைவதைத் தடுக்க ஜிசிசி 8-இல் வந்த ஃபைல் பிரிஃபிக்ஸ் மேப் ஃபிளாக் உண்டு. வைல்ட்கார்டு தரும் வரிசையை நம்பாதீர்கள்: குனு மேக் 3.82-இல் அதை வரிசைப்படுத்துவதை நிறுத்தி, 4.3-இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். சார்ட் ஃபங்ஷனால் சுற்றிவிடுங்கள். டார் கட்டும்போது பெயர் வரிசை, ஒரே நேரம், ஓனர் 0, குரூப் 0. ஜிஜிப் கோப்பின் பெயரையும் நேரத்தையும் பதியாமலிருக்க 'என்' ஆப்ஷன்.

சோதிக்க, வேறு வேறு பெயருள்ள இரு ஃபோல்டர்களில் குளோன் செய்து, இரண்டையும் சில நிமிட இடைவெளியில் பில்ட் செய்து ஷா-256 ஒப்பிடுங்கள். ஒத்துவராவிட்டால் இரு பைனரிகளையும், வேறுபாடுகளைக் காட்டும் டிஃப்ஃபோஸ்கோப்பிடம் கொடுங்கள். தேதி தெரிந்தால் மேக்ரோ, ஹோம் ஃபோல்டர் பெயர் தெரிந்தால் பாதை, ஃபங்ஷன்கள் இடம் மாறியிருந்தால் லிங்க் வரிசை.