சூரியப் புயல் எச்சரிக்கையைப் படிக்கக் கற்போம்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளில் மொட்டை மாடிக்கு ஓடும் சென்னைவாசிகளான நாம், விண்வெளி வீரர்களைச் சூரியப் புயலின் கதிர்வீச்சிலிருந்து காக்கும் முன்னறிவிப்பைப் படிக்கவும் கற்றுக்கொள்ளலாம். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா தன் விண்வெளி வானிலை வரைபடங்களை இணையத்தில் இலவசமாகவே வெளியிடுகிறது.

முதலில் நேரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். வரைபடத்தில் இருப்பது உலகப் பொது நேரம் என்பதால், அங்கே 20:00 என்றிருந்தால் நமக்கு மறுநாள் அதிகாலை 1.30 மணி.

இரண்டாவதாக, எக்ஸ் கதிர் வரைபடத்தைத் திறந்து, சூரியத் தீச்சுடர், அதாவது சூரியனில் திடீரென எழும் வெடிப்பு, சி, எம், எக்ஸ் ஆகிய வகைகளில் எதைத் தொட்டது என்று பாருங்கள். ஒவ்வொரு வகையும் முந்தையதைவிடப் பத்து மடங்கு வலியது. ஆனால் வலிமையைவிட, சுடர் எழுந்த இடத்தையே நான் முதலில் தேடுவேன். சங்குசக்கரம் சுழலும்போது பொறிகள் வளைந்து சிதறுவதுபோல, சுழலும் சூரியனின் காந்தக் கோடுகளும் வளைந்தே விரிகின்றன. ஆகவே படத்தின் வலப்புறத்தில், அதாவது சூரியனின் மேற்குப் பாதியில் வெடித்தால், புரோட்டான்கள் எனும் அதிவேகத் துகள்கள் அக்கோடுகளின் வழியே சில பத்து நிமிடங்களிலேயே பூமியின் பக்கம் வந்துவிடக்கூடும்.

மூன்றாவது படியே உயிர்நாடி. புரோட்டான் வரைபடத்தில், 10 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றல் கொண்ட துகள்களைக் காட்டும் கோடு 10 என்ற அளவைத் தாண்டினால் அது எஸ்1 புயல். அங்கிருந்து ஒவ்வொரு பத்து மடங்குக்கும் ஒரு நிலை கூடி, 1,00,000-இல் எஸ்5 ஆகிறது. உயரம் சிறிதாகத் தெரிந்தாலும் பெருக்கம் மிகப் பெரிது என்பதைத் தொடக்கத்தில் பலரும் கவனிப்பதில்லை. 100 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் கோடும் சேர்ந்து எழுந்தால் கூடுதல் கவலை. அத்துகள்கள் விண்கலத்தின் சுவரையும் துளைப்பவை.

அப்போது விண்நடை தள்ளிவைக்கப்படும். வீரர்கள் கனமான சுவர்கள் சூழ்ந்த பகுதிக்கு நகர்வார்கள். நாசாவின் நிலவுப் பயணத்துக்கான ஓரியன் கலத்தில் பொருள் பைகளையே சுற்றிலும் அடுக்கித் தங்குமிடம் அமைக்கத் திட்டமிட்டுள்ளனர். 1972 ஆகஸ்டில் எழுந்த பெரும் புயல், அப்பல்லோ 16, 17 ஆகிய இரு பயணங்களுக்கும் இடையே வந்ததால்தான் யாரும் நிலவில் சிக்கவில்லை. பூமியின் காந்தப்புலக் காப்பு அங்கே கிடையாது.

சுடரைக் கண்டபின் தப்பிக்க நேரம் குறைவு என்பதால், வீரர் வெளியே செல்லும் முன்பே "இன்று புயல் வராது" என்று சொல்வதுதான் முன்னறிவிப்பாளரின் மிகக் கடினமான பணி. அதைப் பழக, இன்றைய சூரியப் படத்தின் வலப்பாதியில், தீச்சுடர்கள் எழக்கூடிய சிக்கலான கரும்புள்ளிக் கூட்டங்கள் உள்ளனவா என்று பார்த்து, உங்கள் கணிப்பை நோட்டில் எழுதி, நாளை இதே நேரத்தில் புரோட்டான் கோட்டுடன் ஒப்பிடுங்கள்.