பல மடங்கு ஏறிய பங்கை வைத்திருப்பவர் போட வேண்டிய கணக்கு: குவால்காம், 1999

அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் 1999 ஆம் ஆண்டு தொடக்கத்தில் கைபேசித் தொழில்நுட்ப நிறுவனமான குவால்காமின் 100 பங்குகளை வைத்திருந்தவரிடம், அன்றைய விலைப்படி சுமார் 5,200 டாலர் இருந்தது. மே மாதம் ஒரு பங்கு இரண்டாகவும், ஆண்டின் கடைசி நாள்களில் ஒன்று நான்காகவும் பிரிக்கப்பட்டதால், அவர் கையில் இருந்தவை 800 பங்குகளாயின. ஆண்டின் இறுதி வர்த்தகம் ஒரு பங்குக்கு 176 டாலரில் முடிந்தபோது அவற்றின் மொத்த மதிப்பு 1,40,000 டாலரைத் தாண்டியிருந்தது. பன்னிரண்டு மாதங்களில் பணம் 27 மடங்கானது என்பது எந்தக் காலத்திலும் அரிதாகவே நடப்பது. அப்படி நடந்துவிட்டால், பல ஆண்டுகளாகப் பொறுமையாக வைத்திருந்த ஒருவர் எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதைச் சொல்வதற்கே இந்தக் குறிப்பு. புதிதாக வாங்க வருபவர்களுக்கு இதில் சொல்ல அதிகம் இல்லை.

முதல் வேலை, பங்கை எதற்காக வாங்கினோம் என்பதை ஒரு தாளில் எழுதுவது. 1985 இல் இர்வின் ஜேக்கப்ஸ், ஆண்ட்ரூ விட்டர்பி முதலியோர் சான் டியாகோவில் தொடங்கிய குவால்காம், ஒரே அலைவரிசையைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தி, ஒவ்வொருவர் பேச்சையும் தனித்தனிக் குறியீட்டால் பிரித்தறியும் சி.டி.எம்.ஏ. முறையைக் கைபேசிக்குக் கொண்டுவந்தது. 1991 டிசம்பரில் 16 டாலருக்குப் பொதுப் பங்கு வெளியீடு நடந்தது. 1995 இல் ஹாங்காங்கிலும் 1996 இல் தென் கொரியாவிலும் வணிகச் சேவை தொடங்கியது. அந்த நாளில் வாங்கியவர் தாளில் எழுத வேண்டிய காரணம் ஒற்றை வரிதான்: உலகம் இந்த முறைக்கு மாறினால், கைபேசியை யார் தயாரித்தாலும் காப்புரிமைக்கான ராயல்டி (பயன்பாட்டுக் கட்டணம்) இந்த நிறுவனத்துக்கு வரும்.

அடுத்து, அந்த ஆண்டில் வந்த செய்திகளில் தொழிலைச் சேர்ந்தவை எவை, விலையைச் சேர்ந்தவை எவை என்று பிரிக்க வேண்டும். குவால்காமுடன் நெடுங்காலமாக வழக்காடிய, ஸ்வீடனின் தொலைத்தொடர்புக் கருவி நிறுவனமான எரிக்சன் 1999 மார்ச்சில் சமரசத்துக்கு வந்து, உரிமம் பெற்றுக்கொண்டு, குவால்காமின் கோபுரக் கருவிப் பிரிவையும் வாங்கிக்கொண்டது. இது தொழிலைச் சேர்ந்த செய்தி, அதுவும் மிகப் பெரிய செய்தி. கைபேசித் தயாரிப்புப் பிரிவை ஜப்பானின் கியோசெராவுக்கு விற்கப்போவதாக டிசம்பரில் அறிவித்ததும் அப்படித்தான். லாபம் குறைந்த வேலைகளைக் கழற்றிவிட்டு, ராயல்டியும் சிப்பும் மட்டும் மிஞ்சும்படி நிறுவனம் தன்னை மாற்றிக்கொண்டது. பங்குப் பிரிப்போ தொழிலில் எதையும் மாற்றுவதில்லை. நான்கு துண்டாக வெட்டியதால் தோசை பெரிதாகிவிடாது. டிசம்பர் 29 ஆம் தேதி பெயின்வெபர் என்ற பங்குத் தரகு நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் பன்னிரண்டு மாத இலக்கு விலையாக 1,000 டாலரை (பிரிப்புக்குப் பிந்தைய கணக்கில் 250 டாலர்) அறிவித்தபோது, பங்கு ஒரே நாளில் 31 சதவீதம் ஏறியது. அந்த ஒரு நாளில் கூடுதலாக ஒரு கைபேசிக்குக்கூட ராயல்டி வந்துவிடவில்லை. தாளில் தொழில் செய்திகளை முதல் பத்தியிலும், இதைப் போன்ற விலைச் செய்திகளை இரண்டாவது பத்தியிலும் எழுதினால், முதல் பத்தியில் இருப்பவை எவ்வளவு குறைவு என்பது கண்ணுக்குத் தெரியும்.

இனி வருவதுதான் முக்கியமான கணக்கு. பெரும்பாலோர் போடாமல் விடுவதும் இதுவே. இன்றைய விலை நியாயம் என்றால், நிறுவனம் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு எவ்வளவு லாபம் ஈட்டியாக வேண்டும்? 1999 முடிவில் குவால்காமின் மொத்தச் சந்தை மதிப்பு ஏறத்தாழ 12,000 கோடி டாலர். செப்டம்பரில் முடிந்த நிதியாண்டில் அதன் வருவாய் 394 கோடி டாலர், நிகர லாபம் சுமார் 20 கோடி டாலர். அதாவது சந்தை மதிப்பு வருவாயைப்போல் முப்பது மடங்கு, லாபத்தைப்போல் அறுநூறு மடங்கு. அந்த ஆண்டின் ஒருமுறைச் செலவுகளை நீக்கிவிட்டு லாபத்தை இரண்டு மடங்காகவே வைத்துக்கொண்டாலும், முந்நூறு மடங்கு. ஆண்டுக்குப் பத்து சதவீத வளர்ச்சியை எதிர்பார்க்கும் பங்குதாரருக்கு, பத்து ஆண்டுகளில் அந்த 12,000 கோடி சுமார் 31,000 கோடி ஆக வேண்டும். அப்போது நிறுவனம் முதிர்ந்து, லாபத்தைப்போல் 25 மடங்கு விலை பெறும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 31,000 கோடியை 25 ஆல் வகுத்தால், 2009 இல் வர வேண்டிய ஆண்டு லாபம் 1,240 கோடி டாலர்.

2009 நிதியாண்டில் குவால்காமின் லாபம் சுமார் 159 கோடி. அந்த ஆண்டின் மொத்த வருவாயே 1,042 கோடிதான். செலவே இல்லாமல் தொழில் நடத்தியிருந்தாலும் கணக்குக் கேட்ட தொகை வந்திருக்காது. இத்தனைக்கும் நிறுவனம் தோற்கவில்லை. மூன்றாம் தலைமுறைச் சேவைகள் அனைத்தும் அதன் அடிப்படை முறையை ஒட்டியே அமைந்தன. நோக்கியாவும் வழக்குகளுக்குப் பின் 2008 இல் உடன்பாட்டுக்கு வந்தது. லாபம் பத்து ஆண்டுகளில் எட்டு மடங்கு வளர்ந்தது. பழைய பங்குதாரர்கள் தொழிலைப் பற்றி நினைத்தது அப்படியே பலித்தது. அப்படியிருந்தும், 2000 ஜனவரித் தொடக்கத்தில் தொட்ட உச்ச விலையை, பிரிப்புகளைச் சரிசெய்து பார்த்தால், அந்தப் பங்கு மீண்டும் எட்ட ஏறக்குறைய இருபது ஆண்டுகளாயின. "கம்பெனி நல்ல கம்பெனி" என்ற வாதத்தைக் கேட்கும்போதெல்லாம், அது விலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மேற்கண்ட கணக்கில் பத்து சதவீதத்தையும் 25 மடங்கையும் அவரவர் விருப்பப்படி மாற்றிப் பார்க்கலாம். மாற்றிப் பார்ப்பதே நல்லது. எந்த எண்களைப் போட்டாலும் விடை நம்ப முடியாததாகவே வந்தால், விற்கத் தொடங்குவதற்கு அதற்கு மேல் காரணம் தேவையில்லை.

விற்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தடை வரி. அமெரிக்காவில் அப்போது ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கின் ஆதாயத்துக்கு மத்திய அரசின் வரி அதிகபட்சம் 20 சதவீதம். நமது 800 பங்குகளை முழுவதும் விற்றிருந்தால், மாநில வரியை விட்டுவிட்டால், கட்ட வேண்டியது சுமார் 27,000 டாலர். கையில் நிற்பது 1,13,000க்கும் மேல். அந்த 27,000ஐக் கட்ட மனமில்லாமல் வைத்திருந்தவரின் பங்கு 2002 கோடையில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. அதாவது, முழுக் கையிருப்பின் மதிப்பும் அவர் தவிர்க்க நினைத்த வரித்தொகையைவிடக் குறைந்துபோனது. வரியைக் கணக்கிட்டுத் தாளில் எழுதுங்கள். எழுதாத வரைக்கும்தான் அது பெரிதாகத் தெரியும்.

எவ்வளவு விற்பது என்பதற்குப் பங்கின் எதிர்காலத்தைப் பார்ப்பதைவிட வீட்டுக் கணக்கைப் பார்ப்பதே மேல். பங்கு நாளை எண்பது சதவீதம் விழுந்தாலும் வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் ஓய்வுக்காலமும் அசையாத அளவுக்கு எவ்வளவு வைத்திருக்கலாமோ, அவ்வளவே வைத்திருக்க வேண்டும். மீதியை மூன்று நான்கு பகுதிகளாக, முன்கூட்டியே குறித்த தேதிகளில் விற்கலாம். "200 டாலர் வந்தால் விற்கிறேன்" என்று விலையைக் குறிப்பவர், 190 வந்ததும் 250 என்று திருத்திக்கொள்வார். தேதியை அவ்வளவு எளிதில் திருத்த மாட்டார். டிசம்பரிலும் ஜனவரியிலுமாகப் பிரித்து விற்றால், அமெரிக்க வரி நாள்காட்டி ஆண்டைப் பின்பற்றுவதால், ஆதாயம் இரண்டு ஆண்டுக் கணக்குகளில் விழும்; ஆனால் அந்தச் சிறு வசதிக்காக எல்லாவற்றையும் ஜனவரிக்குத் தள்ளிவைப்பது சரியன்று. பங்கை ஈடு வைத்து வாங்கிய மார்ஜின் கடன் ஏதும் இருந்தால், முதல் விற்பனைப் பணம் அதற்கே போக வேண்டும். கடன் இருக்கும்போது எப்போது விற்பது என்பதைத் தரகர் தீர்மானிப்பார், நீங்கள் அல்ல.

மிச்சம் வைத்திருக்கும் பங்குகளுக்கு, எது நடந்தால் அவற்றையும் விற்பேன் என்பதைத் தொழிலின் மொழியில் எழுதிவைக்க வேண்டும். குவால்காம் பங்குதாரர் எழுதியிருக்கக்கூடியது: மூன்றாம் தலைமுறைக் கைபேசிக்குத் தயாரிப்பாளர்கள் ராயல்டி தர மறுத்து வென்றுவிட்டால். 2000 ஆம் ஆண்டில் தென் கொரியா கைபேசி மானியத்துக்குத் தடை போட்டது, சீனாவில் சி.டி.எம்.ஏ. திட்டம் தள்ளிப்போனது. இரண்டும் பங்கைப் பலமாக இறக்கின. ஆனால் எழுதிய நிபந்தனையோடு ஒப்பிட்டால் இரண்டுமே தாமதங்கள், ராயல்டிக்கு வந்த ஆபத்துகள் அல்ல. குவால்காமின் நிதியாண்டு செப்டம்பரில் முடிந்து, ஆண்டுக் கணக்கு நவம்பரில் வெளிவரும். அந்த வாரத்தில் தாளை எடுத்து, புதிய வருவாயையும் லாபத்தையும் போட்டு, பத்தாண்டுக் கணக்கை மறுபடி செய்யுங்கள். எவ்வளவு விலை வரை வைத்திருக்கலாம் என்ற விடையை எழுதி முடித்த பிறகே அன்றைய சந்தை விலையைப் பாருங்கள்.