கண்ணன் பாதமும் வெல்ல அவலும்

கோகுலாஷ்டமிக்குச் சீடை பொரிக்கும்போது பேரப்பிள்ளைகளை அடுப்படியில் விடமாட்டேன். அது எண்ணெயில் வெடிக்கும். அவர்களுக்குப் பாதக்கோலம்தான்.

ஒரு கைப்பிடி பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, தோசை மாவைவிட நீர்க்க அரையுங்கள். குழந்தை கையை மடக்கி, சுண்டுவிரல் பக்கத்தை மாவில் தோய்த்துத் தரையில் ஒற்றட்டும். மேலே விரல்நுனியால் ஐந்து பொட்டு. இடக்கையால் ஒரு பாதம், வலக்கையால் மறுபாதம். பாதங்கள் வாசலிலிருந்து பூஜையறைக்கு நடக்க வேண்டும். போன வருடம் நான்கு வயதுப் பேத்தி கண்ணனைத் தெருவுக்கு அனுப்பிவிட்டாள். அழிக்க மனம் வரவில்லை.

கோலம் காய்வதற்குள் வெல்ல அவல்: ஒரு கப் கெட்டி அவலைப் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, அரை கப் பொடித்த வெல்லம், தேங்காய்த் துருவல், ஏலப்பொடி சேர்த்துப் பிசையச் சொல்லுங்கள். பாதி வாய்க்குள் போகும். நைவேத்தியத்துக்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.