பட்டாளத்தில் அதிகாரியாக எந்தப் பட்டப்படிப்பில் சேர்வது?

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்ததும் கோபிசெட்டிபாளையத்தில் என் வீட்டுக்கு வரும் பெற்றோர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், பிள்ளை பட்டாளத்தில் ஆபீசராக வேண்டும் என்கிறது. எந்தப் படிப்பில் சேர்ப்பதுங்க?" கல்லூரியில் வணிகவியல் கற்பித்தபடியே என்.சி.சி. எனும் தேசிய மாணவர் படையின் அதிகாரியாகவும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். அவர்களிடம் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பணத்தைப் பற்றி. அரசே செலவை ஏற்றுப் படிக்கவைக்கும் வழிகள் பன்னிரண்டாம் வகுப்போடு திறக்கின்றன. கடக்வாஸ்லாவில் உள்ள தேசிய பாதுகாப்பு அகாடமி, பொறியியல் படிக்கவைக்கும் தரைப்படையின் தொழில்நுட்ப நுழைவு, கேரளத்தின் எழிமலையில் கடற்படையின் பி.டெக்., புனேயின் ராணுவ மருத்துவக் கல்லூரி. தொழில்நுட்ப நுழைவுக்கும் கடற்படைக்கும் ஜே.இ.இ. மெயின் எழுதியிருக்க வேண்டும். மருத்துவத்துக்கு நீட். அரசு செலவு செய்வதால் விருப்பம் முழுவதும் நம் கையில் இருக்காது. எழிமலையில் எந்தப் பொறியியல் பிரிவு என்பதைக் கடற்படையின் தேவையே முடிவு செய்யும். மருத்துவம் முடித்தால் ஏழு ஆண்டு பணிக்கான ஒப்பந்தம் உண்டு. இதற்கெல்லாம் மனம் ஒப்பினால் மட்டுமே விண்ணப்பியுங்கள்.

இவற்றில் இடம் கிடைக்காத பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சொந்தச் செலவில் ஒரு பட்டம், அதன்பின் முப்படைகளுக்கும் பட்டதாரிகளை எடுக்கும் சி.டி.எஸ். எழுத்துத் தேர்வு என்பதே வழி. டேராடூன் ராணுவ அகாடமிக்கும் சென்னை பரங்கிமலை அகாடமிக்கும் எந்தப் பட்டமும் போதும். பி.ஏ. தமிழ் படித்தவரும் போகலாம். கடற்படை அகாடமிக்குப் பொறியியல் பட்டம் வேண்டும். விமானப்படைக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் இருக்க வேண்டும், அல்லது பொறியியல் பட்டம் வேண்டும். ஆக, விமானம் ஓட்டும் கனவு உள்ள பிள்ளைக்குக் கல்லூரியில் எதை எடுப்பது என்பதற்கு முன்பே, பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் என்ற கேள்வி வந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு முடித்த தங்கை தம்பி வீட்டில் இருந்தால் இதை அவர்களிடம் இன்றே சொல்லுங்கள்.

"கணிதத் தாள் இருக்கிறதே, அதனால் பி.எஸ்சி. கணிதம் போடலாமா?" என்பார்கள். சி.டி.எஸ். கணிதத் தாள் பத்தாம் வகுப்புத் தரம்தான். பரங்கிமலைக்கு மட்டும் விண்ணப்பிப்போருக்கு அந்தத் தாளே கிடையாது, ஆங்கிலமும் பொது அறிவும் மட்டுமே. இதற்காக மூன்றாண்டு கணிதம் படிக்க வேண்டியதில்லை.

பொறியியல் எடுப்பவர்கள் பிரிவின் பெயரைக் கவனிக்க வேண்டும். பட்டதாரிப் பொறியாளர்களைத் தரைப்படை நேரடியாக எடுக்கும்போது, ஏற்கப்படும் பிரிவுகளின் பட்டியலை அறிவிப்பிலேயே தருகிறது. பட்டத்தில் அச்சாகும் பெயர் அதில் இருக்க வேண்டும். கோவையைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் ஆண்டுக்கொரு புதுப் பெயரில் பிரிவு தொடங்குகிறார்கள். கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் நிரப்பும் முன்பு, கடைசியாக வந்த அறிவிப்பைத் திறந்து அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் போன்ற பழைய பெயர்களில் இந்தக் கவலை குறைவு.

இனி நான் மிகவும் அழுத்திச் சொல்லும் விஷயம். அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்முகத் தேர்வு ஐந்து நாள் நடக்கும், முதல் நாள் மாலையிலேயே பலரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எத்தனை திறமை இருந்தாலும் அங்கே உறுதி என்று எதுவும் இல்லை. அதனால் சீருடை கிடைக்காமல் போனாலும் சோறு போடும் படிப்பாகவும், பிள்ளைக்கு உண்மையிலேயே பிடித்த படிப்பாகவும் இருக்கட்டும். பிடித்தால்தான் மதிப்பெண் வரும். என்.சி.சி. சிறப்பு நுழைவுக்குப் பட்டத்தில் 50 சதவீதமும், விமானப்படையின் ஏ.எஃப்.கேட். தேர்வுக்கு 60 சதவீதமும் வேண்டும். கௌரவத்துக்காகப் பொறியியலில் சேர்ந்து அரியர் வைத்தவனைவிட, நன்றாகப் படித்த பி.காம். மாணவன் மேலான நிலையில் நிற்பான். நேர்காணலில் படித்த பாடத்திலிருந்தும் சொந்த ஊரிலிருந்தும் கேட்பார்கள். ஈரோட்டில் மஞ்சள் விலை ஏன் இறங்கியது, பவானி ஜமக்காளத் தறிகள் ஏன் குறைந்தன என்று சொந்தச் சொற்களில் சொல்லத் தெரிந்த பிள்ளை அங்கே தடுமாறாது. என் மாணவிகளில் தறி வீட்டிலிருந்து வந்தவர்கள் இதில் சிறப்பாகப் பேசினார்கள், அப்பாவின் கணக்கு நோட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா!

படிப்பைவிடக் கல்லூரியைப் பற்றி அதிகம் விசாரியுங்கள். அங்கே என்.சி.சி. இருக்கிறதா, உங்கள் பாடப்பிரிவு மாணவர்களைச் சேர்க்கிறார்களா, அணிவகுப்பு நேரம் ஆய்வக வகுப்போடு மோதுகிறதா என்று கேளுங்கள். என்.சி.சி.யின் 'சி' சான்றிதழ் 'பி' தரத்திலாவது இருந்தால், எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி.க்கு அழைக்கும் அந்தச் சிறப்பு நுழைவு வழி திறக்கிறது. இதைவிடப் பெரிய சலுகை வேறு இல்லை என்பேன். முதலாண்டில் சேராதவர்களுக்கு மூன்றாண்டுப் பட்டத்துக்குள் இது கைகூடுவது கடினம்.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சி.டி.எஸ். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. எந்தப் பட்டம் என்ற கவலையில் பாதியை ஆங்கிலத்தின் மேல் வையுங்கள். தினமும் ஓர் ஆங்கில நாளிதழை உரக்கப் படியுங்கள். மூன்றாண்டு என்பது அதற்குத் தாராளமான காலம்.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் தயங்கிக் கேட்கிறார்கள். தயங்க வேண்டாம். பரங்கிமலை அகாடமி நெடுங்காலமாகப் பெண்களைப் பயிற்றுவிக்கிறது, கடக்வாஸ்லாவிலும் 2022 முதல் பெண்கள் சேர்கிறார்கள். பரங்கிமலையில் பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை என்பதைப் பாட்டிமார்களிடமும் சொல்லுங்கள்.

கல்லூரியில் சேரும் முன்பே செய்ய வேண்டியது இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், மாற்றுச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் தந்தை பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மற்றொன்றில் தந்தை பெயர் முழுதாக என்று நம் பிள்ளைகளின் சான்றிதழ்கள் கலந்து கிடக்கும். திருத்த மாதக்கணக்கில் ஆகும், ஆகவே விடுமுறையிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.