ஆர்செனிக்கை எடுக்கக் கசடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரமோ ஃபெரிக் குளோரைடோ போட்டுக் கலங்கலைப் படியவைத்த பிறகு அடியில் தங்குவதுதான் கசடு. அதிலுள்ள அலுமினிய, இரும்பு ஹைட்ராக்சைடுகள் கிணற்று நீரிலுள்ள ஆர்செனிக் என்னும் நஞ்சைப் பிடித்துக்கொள்ளும். கொட்ட இடமில்லாமல் தவிக்கும் ஒரு பொருள் நஞ்சை எடுக்கப் பயன்படுகிறது என்பதால்தான் இந்த வேலை எனக்குப் பிடித்தது. ஆனால் புதிதாக வருகிறவர்கள் நாங்கள் விழுந்த அதே பள்ளத்தில் வரிசையாக விழுகிறார்கள். கையுறை, தராசு, லேபிள் பற்றியெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

காய்ச்சி வடித்த நீரில் சோதித்துவிட்டு நம்புவது

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். சுத்தமான நீரில் சோடியம் ஆர்சனேட்டை (ஆர்சனேட் என்பது ஆர்செனிக் நீரில் இருக்கும் ஒரு வடிவம்) கரைத்து, கசடைப் போட்டுக் குலுக்கினால் கிட்டத்தட்ட எல்லாமே போய்விடும். போகத்தான் செய்யும், அங்கே போட்டிக்கு யாருமில்லையே!

நிலத்தடி நீரில் பாஸ்பேட் இருக்கும், சிலிக்கேட் இருக்கும். பாஸ்பேட் அமைப்பில் ஆர்சனேட்டைப் போன்றது. அதே இடங்களில்தான் போய் ஒட்டும். ஆர்செனிக் லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் இருக்க, பாஸ்பேட் பல கிணறுகளில் மில்லிகிராம் கணக்கில் இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத ஆழத்து நீரில் இன்னொரு சிக்கல்: ஆர்செனிக் பெரும்பாலும் ஆர்சனைட் என்ற இன்னொரு வடிவத்தில் இருக்கும். பி.எச். 9-க்குக் கீழே அதற்கு மின்னூட்டமே கிடையாது. படிகாரக் கசடு அதைச் சரியாகப் பிடிக்காது. இரும்புக் கசடு கொஞ்சம் பரவாயில்லை. முதலில் குளோரினோ பெர்மாங்கனேட்டோ சேர்த்து ஆர்சனேட்டாக மாற்ற வேண்டும். காற்றை மட்டும் நம்பினால் அது மிக மெதுவாகத்தான் மாறும்.

எனக்குத் தெரிந்த ஒரு குழு, ஆய்வக எண்ணை வைத்து, கசடை நிரப்பிய வடிகட்டிப் படுகைக்கு ஆயுள் கணக்கிட்டது. பல மாதம் வரும் என்றார்கள். சில வாரத்திலேயே வெளியேறும் நீர் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவான லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டிவிட்டது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. ஆர்செனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. அதனால் ஆய்வறிக்கை வரும்வரை ஜனங்கள் நம்பிக்கையோடு குடம் குடமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிணற்றில் பாஸ்பேட் எவ்வளவு என்று ஒருவர்கூட அளந்திருக்கவில்லை.

அவர்கள் செய்த கணக்கிலும் கோளாறு. லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் ஆர்செனிக் போட்டுச் சோதித்தபோது ஒரு கிராம் கசடு பிடித்த உச்ச அளவை எடுத்துக்கொண்டார்கள். கிணற்றில் இருந்ததோ அதில் நூறில் ஒரு பங்கு. செறிவு குறையக் குறைய ஒரு கிராம் கசடு பிடிப்பதும் குறையும்.

சரி, கிணற்று நீரையே கேனில் கொண்டுவந்தால்? அதுவும் ஏமாற்றும். கரைந்திருந்த இரும்பு வழியில் காற்றுப் பட்டு, செம்மஞ்சள் படிவாக அடியில் இறங்கும். ஆர்செனிக்கையும் இழுத்துக்கொண்டு போகும். நீங்கள் குலுக்குவது ஏற்கனவே பாதி சுத்தமான நீரை. ஆகவே கிணற்றடியிலேயே குலுக்குங்கள். சிறிய படுகை ஒன்றை அங்கேயே ஓடவிட்டு, ஆர்செனிக் எப்போது தாண்டி வருகிறது என்று பார்த்த பிறகு ஆயுளைச் சொல்லுங்கள்.

சேற்றை அப்படியே நிரப்புவது

அடைத்துக்கொள்ளும். உலர்த்தி, உடைத்து, சலித்து, தூள் போகக் கழுவுங்கள்.

சூளையில் சுட்டு உலர்த்துவது

வேண்டாம். அதிக வெப்பத்தில் ஹைட்ராக்சைடு படிகமாகிவிடும். ஒட்டும் பரப்பு குறையும். காற்றில் உலரட்டும்.

கசடில் முன்பே என்ன இருக்கிறது என்று பார்க்காதது

கசடு, மூலநீரிலிருந்து எடுத்ததையெல்லாம் சுமந்துகொண்டுதான் வருகிறது. இரும்பு நீக்கும் நிலையத்துக் கசடில் ஆர்செனிக்கே இருக்கலாம். மாங்கனீஸ் கரைந்து வருவதும் உண்டு. ஆர்செனிக் இல்லாத நீரை முதலில் அதன் வழியே விட்டு, என்ன வெளியே வருகிறது என்று அளந்துவிடுங்கள்.

பயன்படுத்தியதைக் குப்பைமேட்டில் கொட்டுவது

குப்பைக்கு அடியில் ஆக்சிஜன் இருக்காது. அங்கே நுண்ணுயிரிகள் ஃபெரிக் இரும்பை ஃபெரஸாக ஒடுக்கும். அது கரையும்போது பிடித்துவைத்த ஆர்செனிக்கும் வெளியேறும். கழிவிலிருந்து நஞ்சு கரைந்து வருகிறதா என்று பார்க்கும் வழக்கமான கசிவுச் சோதனை ஒரு நாளுக்குள் முடிந்துவிடுவதால் இதைக் காட்டாது. ‘தேறிவிட்டது’ என்ற தாளை வைத்துக்கொண்டு நிம்மதியடைய முடியாது. அலுமினியம் இப்படி ஒடுங்காது என்றாலும் பி.எச். ஏறினால் அதுவும் பிடியை விடும். படுகையை நிரப்புவதற்கு முன்பே, அது எந்தப் பாதுகாப்பான அபாயக் கழிவுக் கிடங்குக்குப் போகும் என்று எழுதி வாங்கிவிடுங்கள். அதற்கு வழியில்லாத ஊரில் நான் படுகையே அமைக்க மாட்டேன்.